பொடியாக்கினால் தங்கமும் மாறுமா? உலோக அணுக்கொத்தும் ஆக்சிஜனும்

பாம்பனில் படகு வேலை பார்க்கும் பட்டறை ஒன்றில் போன மாதம் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக் கேட்டின் கீல் மூன்றாவது முறையாக உப்பு அரித்து விழுந்துவிட்டது. வெல்டர் அண்ணன் பழைய கீலின் மிச்சத்தைக் கிரைண்டரால் சீவிக்கொண்டிருந்தார். பொறி கொத்தாகப் பறந்து என் செருப்புக்கு முன்னால் விழுந்து அணைந்தது. அணைந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக ஏதோ நறநறத்தது.

"அண்ணே, இது இரும்பு எரிஞ்ச சாம்பல், தெரியுமா?"

"இரும்பு எங்க தம்பி எரியும்? பழுக்கும், அவ்வளவுதான்."

முழுக் கம்பியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் தப்பில்லை. உலையில் போட்ட கம்பி பழுக்கும். வெளியே எடுத்தால் மேலே கறுப்புச் செதில் கட்டும். விறகு மாதிரி எரியாது. ஆனால் கிரைண்டர் சீவிய துகள், காற்றில் பறக்கும்போதே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. நாம் பார்க்கிற அந்த வெளிச்சம் அதுதான். உரசல் சூடு தொடங்கி வைக்கிறது, எரியும் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

"அப்ப தங்கத்தச் சீவுனா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"அது எவ்வளவு பொடியானாலும் பொறி வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொறி வராது என்பது சரி. ஆனால் தங்கத்தை ஆக்சிஜன் தொடவே தொடாது என்கிற தொனியில் சொல்லிவிட்டேன். அது பாதிதான் சரி. விட்டுப்போன பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரப்புக் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 8 கிராம்கூட வராது. ஆறு முகங்கள், மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. இதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் (ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர்), எல்லா முகங்களையும் சேர்த்த பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் மனை. எட்டு கிராம் இரும்பு, 15 சென்ட் பரப்பில் காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! கிரைண்டர் துகள் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. அதுவே எரிகிறது என்றால், உண்மையான நானோ இரும்புத் தூளைச் சும்மா காற்றில் கொட்டினாலே தானாகப் பற்றிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. ஆய்வகங்களில் அதைக் காற்றுப்படாமல்தான் வைத்திருப்பார்கள்.

பரப்பு கூடுவது மட்டும்தான் காரணம் என்றால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். பொடியாக்கினால் வேகம் கூடும், அவ்வளவுதான் என்று எழுந்து போய்விடலாம். இன்னும் சின்னதாக, இரண்டு நானோமீட்டருக்கும் கீழே போகும்போதுதான் வேறு ஒரு கணக்கு தொடங்குகிறது. அந்த அளவில் இருப்பதைத்தான் நானோகொத்து என்கிறோம். சில அணுக்களில் தொடங்கி, சில நூறு அணுக்கள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொத்து. ஒரு பவுன் தங்கத்தில் எத்தனை அணு தெரியுமா? 24 போட்டு, பின்னால் 21 சுழியம். அந்தக் கூட்டத்தில் ஓர் அணு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆறு அணு இருக்கும் இடத்தில் ஒன்று குறைந்தால் குணமே மாறிவிடுகிறது.

பனங்காய் அடுக்கு

சாயல்குடிப் பக்கம் சாலையோரம் பனங்காயைக் குவித்து வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காயும் ஒரே அளவு, நல்ல உருண்டை என்று வைத்துக்கொள்வோம் (இருக்காது, பரவாயில்லை). ஒரு காயை நடுவில் வைத்து, அதைத் தொட்டபடி சுற்றிலும் மேலும் கீழுமாக நெருக்கி அடுக்கினால் 12 காய்கள்தான் பிடிக்கும். நடுக்காயோடு 13. இதில் 12 வெளியே, ஒன்றே ஒன்று உள்ளே. இதற்கு மேல் இன்னொரு அடுக்கு போட்டால் மொத்தம் 55, வெளியே 42. அடுத்த அடுக்கோடு 147, வெளியே 92. நானோகொத்தில் பெரும்பாலான அணுக்கள் வாசலில் உட்கார்ந்திருப்பவைதான். சின்னக் கொத்தில் உள்வீடு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை.

வாசலில் இருப்பவற்றிலும் வித்தியாசம் உண்டு. உலோகத்தின் உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சுற்றி 12 அண்டை அணுக்கள். வழவழப்பான பெரிய பரப்பில் இருக்கும் அணுவுக்கு 9. பதின்மூன்று அணுக் கொத்தின் வெளியில் இருப்பதற்கோ, அடுக்கின் வடிவத்தைப் பொறுத்து, 5 அல்லது 6 தான். அண்டை குறைந்தால் அந்த அணுவின் பிணைப்புகள் பாதி சும்மா கிடக்கின்றன. வந்து ஒட்டும் எதையும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் நிலை அது. பெரிய தங்கத் தகட்டின் மேல் வந்து மோதித் திரும்பிப் போகும் ஆக்சிஜன், கொத்தின் மூலையில் நின்று பேச்சுக் கொடுப்பதற்கு இது முதல் காரணம்.

சரி, ஆக்சிஜன் பக்கம் வருவோம். பள்ளிக்கூடத்தில் இதை வேகமாகக் கடந்துவிடுவார்கள், எனக்கும் அப்படித்தான் கடந்தது. உண்மையில் மொத்தக் கதையின் சாவி இங்கேதான் இருக்கிறது.

ஆக்சிஜன் மூலக்கூறு என்பது இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இடையில் 0.121 நானோமீட்டர் தூரம், உறுதியான இரட்டைப் பிணைப்பு. இதில் கடைசியாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் சோடி சேராமல், ஆளுக்கொரு அறையில் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. இரண்டும் ஒரே பக்கமாகச் சுழல்வதால் ஆக்சிஜனுக்கு லேசான காந்தத்தன்மை வருகிறது. மைனஸ் 183 டிகிரியில் வெளிர்நீல நீர்மமாக இருக்கும் ஆக்சிஜனை ஒரு வலுவான காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஊற்றினால், கீழே விழாமல் இடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நைட்ரஜனை ஊற்றினால் நேரே கீழே போய்விடும். கல்லூரியில் இதை முதல்முறை பார்த்தபோது, நாம் மூச்சு விடுவது காந்தம் இழுக்கிற பொருளையா என்று கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன்.

அந்த இரண்டு தனி அறைகளும் ஒரு தினுசானவை. அவற்றில் புதிதாக ஓர் எலக்ட்ரான் குடி வந்தால், இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு தளர்ந்துவிடும். ஓர் எலக்ட்ரான் வந்தால் தூரம் 0.13 சொச்சம் ஆகிறது. இதற்கு சூப்பராக்சைடு என்று பெயர். இரண்டு வந்தால் 0.15-ஐ நெருங்குகிறது, பெராக்சைடு. அதற்கும் மேல் உலோகம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிணைப்பு அறுந்து இரண்டு தனி அணுக்களாகப் பிரிந்து, உலோக அணுக்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்துதான் ஆக்சைடு தொடங்குகிறது. வந்து அமர்வது, எலக்ட்ரான் வாங்குவது, நீள்வது, அறுவது, உள்ளே புகுவது. எந்த உலோகமாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான். எந்தப் படியில் நின்றுவிடும் என்பதில்தான் உலோகத்துக்கு உலோகம், கொத்துக்குக் கொத்து வித்தியாசம்.

இரும்பும் அலுமினியமும் கேட்காமலே கொடுக்கும். பிளாட்டினம் கொஞ்சம் கொடுத்து, ஆக்சிஜனை அறுத்தும் வைக்கும், ஆனால் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளாது. கார்ப் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்ய அதை வைப்பது இதனால்தான். தங்கம் கஞ்சன். பெரிய கட்டியாக இருக்கும்வரை ஓர் எலக்ட்ரானைக்கூடச் சுலபத்தில் தராது. (22 கேரட் நகை கறுக்கிறதே என்று கேட்பீர்கள். கறுப்பது கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும்.)

ஒற்றையா இரட்டையா

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ஆறு அணுத் தங்கம், ஏழு அணுத் தங்கம் என்று தனித்தனியாக எப்படிச் சோதிப்பார்கள்? இடுக்கியால் பிடிக்க முடியாது. எடை போட முடியும்.

வெற்றிடக் கலத்துக்குள் ஒரு தங்கத் துண்டு. அதன் மேல் லேசர் துடிப்பு விழும்போது ஒரு துளி ஆவியாகிறது. அதே கணத்தில் குளிர்ந்த ஹீலியம் வாயுவை அதன் மேல் பீய்ச்சினால் ஆவி சட்டென்று ஆறி, இரண்டு, மூன்று, நான்கு என்று அணுக்கள் ஒட்டிக் கொத்துகளாகின்றன. சிலவற்றில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்டு எதிர்மின் சுமையோடு வரும். அவற்றை ஒரு குழாய் வழியே ஓடவிட்டு, நடுவில் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுவார்கள். கடைசியில் நிறைமானி, அதாவது கொத்துகளை எடை போடும் கருவி. ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று என்று வைத்தால், ஒரு தங்க அணு 197. ஆறு அணுக் கொத்து 1182. ஆக்சிஜன் மூலக்கூறு 32. ஒட்டியிருந்தால் 1214-இல் ஒரு கூர்முனை தெரியும். ஒட்டவில்லை என்றால் 1182-இல் மட்டும். தூண்டிலில் என்ன மாட்டியது என்பதைத் தராசு முள்ளைப் பார்த்தே சொல்லும் வேலை.

1990-களில் வெவ்வேறு ஆய்வகங்களில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு சீரான விந்தை. எதிர்மின் சுமையுள்ள தங்கக் கொத்துகளில் 2, 4, 6 என்று இரட்டைப்படை அணுக்கள் உள்ளவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டன. 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருந்தவை கண்டுகொள்ளவே இல்லை. ஒன்று விட்டு ஒன்று, பல்வரிசை மாதிரி.

காரணம் எளிது. வெளியே கொடுக்கும்படி ஒவ்வொரு தங்க அணுவிடமும் ஓர் எலக்ட்ரான். ஆறு அணு என்றால் ஆறு. ஒட்டிக்கொண்டு வந்த கூடுதல் ஒன்றோடு ஏழு. ஏழில் மூன்று சோடி போக ஒன்று தனியாக நிற்கும். அந்தத் தனி எலக்ட்ரான் ஆக்சிஜனின் தனி அறைக்குப் போய்விடுகிறது. சூப்பராக்சைடு உருவாகி ஒட்டிக்கொள்கிறது. ஐந்து அணுக் கொத்தில் ஐந்தும் ஒன்றும் ஆறு. எல்லாம் சோடி சேர்ந்துவிட்டன. பிரித்துக் கொடுக்க யாரும் இல்லை. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: 16 இரட்டைப்படைதான், ஆனாலும் ஒட்டாது. அந்தக் கொத்து தன் எலக்ட்ரானை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது.

அலுமினியத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸில்மன் குழு 1989-இல் அலுமினியக் கொத்துகளை ஆக்சிஜனோடு ஓடவிட்டது. பெரும்பாலான கொத்துகளை ஆக்சிஜன் அரித்துத் தின்றுவிட்டது. எதிர்மின் சுமையுள்ள 13, 23, 37 அணுக் கொத்துகள் மட்டும் மிஞ்சி நின்றன. பதின்மூன்றைப் பாருங்கள். அலுமினிய அணுவுக்கு மூன்று எலக்ட்ரான். 13 மூன்று 39. கூடுதல் ஒன்றோடு 40. அணுக்கொத்துகளில் எலக்ட்ரான்கள் 2, 8, 20, 40 என்ற எண்ணிக்கையில் நிரம்பும்போது கூடு முழுமையடைகிறது. ஹீலியம், நியான் வாயுக்களில் நிரம்புவது மாதிரியே. 1984-இல் சோடியம் கொத்துகளில் இந்த எண்களைக் கண்டார்கள். 40 நிரம்பிய அலுமினியம்-13 எல்லாம் சோடி சேர்ந்த, திருப்தியான வீடு. ஆக்சிஜனோ இரண்டு தனி எலக்ட்ரான்களை ஒரே பக்கம் சுழலவிட்டுக்கொண்டு வருகிறது. இரண்டும் வினைபுரிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சுழற்சியைத் திருப்ப வேண்டும். அது சட்டென்று நடக்கிற காரியம் இல்லை. காகிதமும் விறகும் காற்றில் கிடந்தும் தீ வைக்காமல் பற்றிக்கொள்ளாததற்கும் இந்தச் சுழற்சித் தடை ஒரு காரணம்.

இதில் கொசுறாக ஒன்று. சுமை ஏறாத அலுமினியம்-13-க்கு 39 எலக்ட்ரான், ஒன்று குறை. அந்த ஒன்றைப் பிடிக்க அதற்கு இருக்கும் ஆசை, குளோரின் அணுவுக்கு இருக்கும் ஆசையின் அளவுக்கே இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வாரும் உப்பில் பாதி குளோரின். பதின்மூன்று அலுமினிய அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு குளோரின் அணு மாதிரி நடிக்கின்றன! பேரணு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதிர்பார்க்காத இடத்தில் வெற்றிடம்

கொஞ்சம் பெரிய துகள்களில், ஆக்சிஜன் உள்ளே புகத் தொடங்கிய பிறகு என்ன ஆகிறது? அலுமினியப் பானை நம் சமையலறையில் வருடக்கணக்காக நிற்கிறதே, ஆக்சிஜனுக்குக் கேட்காமலே கொடுக்கும் உலோகம் அது என்று மேலே சொன்னேன். அது நிற்பதற்குக் காரணம், மேலே உடனே கட்டிவிடும் 2 முதல் 4 நானோமீட்டர் ஆக்சைடு தோல். உலோகத்தின் எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய தோலை ஊடுருவி மேலே இருக்கும் ஆக்சிஜனைச் சேர்கின்றன. மேலே எதிர்மின்னும் கீழே நேர்மின்னுமாகி, இடையில் ஒரு பலமான மின்புலம் உருவாகிறது. அந்த இழுப்பில் உலோக அயனிகள் மேலே ஏறித் தோலைத் தடிமனாக்குகின்றன. தோல் தடிக்கத் தடிக்க இழுப்பு தளர்கிறது, சில நானோமீட்டரில் நின்றுவிடுகிறது. 1940-களின் கடைசியில் கப்ரேரா, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எழுதிய விளக்கம் இது.

இப்போது துகளே 3 நானோமீட்டர்தான் என்றால்? தோலின் தடிமனே அவ்வளவு. தோலுக்கு அடியில் உலோகம் என்று ஒன்று மிஞ்சாது.

கோபால்ட் துகள்களில் இன்னும் வேடிக்கை. கோபால்ட் அயனிகள் வெளியே போகும் வேகம் அதிகம், ஆக்சிஜன் உள்ளே வரும் வேகம் குறைவு. கீழக்கரையில் சில தெருக்களில் ஆம்பளைகள் எல்லாம் துபாய்க்கும் சவுதிக்கும் போய்விட, நடு வீடுகள் பூட்டிக் கிடக்குமே, அதே கதை. வெளியே போனவர்களின் இடம் நிரம்பாமல் நடுவில் காலியிடங்கள் சேர்ந்து, கடைசியில் துகள் உள்ளீடற்ற ஆக்சைடு ஓடாகிவிடுகிறது. 2004-இல் பெர்க்லியில் மின்னணு நுண்ணோக்கியில் இதைத் தெளிவாகப் படம் எடுத்தார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாம்பன்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். எங்கள் கேட் கீலை அரித்தது வெறும் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன், ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்த வேலை. இரும்பின் மேல் படியும் உப்பு ஈரம் ஒரு சின்ன பேட்டரி போல மின்னோட்டத்தைக் கடத்துகிறது. ஓரிடத்தில் இரும்பு கரைகிறது, இன்னோரிடத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குகிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலமெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டதும் இந்த பேட்டரிக்கு எதிராகத்தான். ஆனால் அந்த வேலையிலும் ஆக்சிஜன் செய்வது அதே முதல் காரியம், எலக்ட்ரான் வாங்குவது. ஆய்வகக் கலத்தில் உப்பும் ஈரமும் இல்லாததால் அந்த ஒரு காரியத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடிகிறது.

இதையெல்லாம் பார்த்து என்ன பயன் என்று கேட்டால், தங்கத்துக்கே திரும்பலாம். 1987-இல் ஜப்பானில் மசாதாகே ஹருதா ஒரு முடிவை வெளியிட்டார். சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களை உலோக ஆக்சைடின் மேல் பரப்பி வைத்தால், கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. சுழியம் டிகிரிக்கும் வெகு கீழே, உறையும் குளிரிலும்! மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடி ஆட்கள் மயங்கி விழுகிற செய்தி வருமே, அந்த நச்சு வாயுதான் கார்பன் மோனாக்சைடு. எதற்கும் அசையாத தங்கம் இப்படிச் செய்கிறது என்றால் சுலபத்தில் யார் நம்புவார்கள்?

பன்னிரண்டு வருடம் கழித்து, 1999-இல், மெக்னீசியம் ஆக்சைடு பரப்பின் மேல் எண்ணி வைத்தாற்போலத் தங்கக் கொத்துகளை இறக்கிப் பார்த்தார்கள். ஏழு அணு வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது அணு சேர்ந்ததும் வேலை தொடங்கியது. அதுவும் அந்தப் பரப்பில் ஓர் ஆக்சிஜன் அணு விடுபட்ட குழியின் மேல் கொத்து உட்கார்ந்திருந்தால்தான். அந்தக் குழியில் தேங்கிக் கிடக்கும் எலக்ட்ரானில் கொஞ்சம் தங்கத்துக்கு ஏறி, தங்கம் அதை ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. கஞ்சன் தன் கைக்காசைக் கொடுக்கவில்லை, கடன் வாங்கிக் கொடுக்கிறான். ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது. பக்கத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது.

நடைமுறையில் தலைவலி, இந்தத் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடுவது. பெரிதானதும் பழைய கஞ்சத் தங்கம்தான். அதனால் கொத்துகளைச் சுற்றி கந்தகம் உள்ள மூலக்கூறுகளைப் போர்த்தி நிலைநிறுத்துகிறார்கள். 25 தங்க அணுக்களும் 18 கந்தகப் போர்வைகளும் கொண்ட கொத்து இதில் பிரபலம். போர்த்திய பிறகும் ஆக்சிஜன் விடுவதில்லை: எதிர்மின் சுமையோடு இருக்கும் அந்தக் கொத்தைக் காற்றில் வைத்தால், ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும், கொத்து உடையாமல் சுமையற்றதாக மாறி நிற்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் தி. பிரதீப் குழு இப்படிப்பட்ட தங்க, வெள்ளிக் கொத்துகளில் நீண்ட காலமாக வேலை செய்துவருகிறது.

இதில் பாதியைக் கீலை வாங்கப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். ஒற்றை இரட்டைக் கணக்கை ரசித்துக் கேட்டார். புதுக் கீலுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்திருந்தார். அந்தச் சிவப்பு நிறம் என்ன தெரியுமா அண்ணே, இரும்பு ஆக்சைடுதான், ஆக்சிஜன் வாங்க வேண்டியதை எல்லாம் ஏற்கனவே வாங்கி முடித்த இரும்பு, துருவோட சொந்தக்காரன் என்றேன்.

பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இருவது வருசமா காசு குடுத்துத் துருவ வாங்கியா தம்பி பூசிக்கிட்டு இருக்கேன்?"